திலகவதி, பெண், 41

செயலியின் கணக்குப்படி
கடலூர் முதுநகரில் என்னைவிடப் பெரிய நோயாளி கிடையாது.

மார்ச்சில் எனக்கு முழங்கால் தேய்மானம்.
ஏப்ரலில் புராஸ்டேட் வீக்கம்.
அதே வாரம் எட்டு மாதக் குழந்தையின் வயிற்றுப்போக்கு,
போட் இன்ஜினில் வெந்த புறங்கை,
சிப்காட் பக்கம் குடியிருப்பவருக்கு வரும்
விடியற்கால இருமல்.
எல்லாம் திலகவதி, பெண், நாற்பத்தொன்று.

ஐஸ் கம்பெனிக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
வருகிறவர்களிடம் காசு இருக்கிறது,
ஈரமாக, முந்தியில் சுருட்டி.
அந்தக் காசு டாக்டர் வரைக்கும் போகாது.
நானூற்றைம்பது அவருக்கு.
இருபத்தொன்பது வசதிக் கட்டணம்,
யாருடைய வசதி என்று போட்டிருக்காது.
பத்து எனக்கு.
நோட்டுகளை ஃபேனுக்கு அடியில் காயப்போட்டுவிட்டு
என் கணக்கிலிருந்து அனுப்புவேன்.

'வேறொருவருக்காக' என்றும் ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் அவர் போனுக்கு ஆறு எண் போகும்.
அந்தப் போன் வீட்டுக்காரரிடம்.
வீட்டுக்காரர் கடலில்,
இருபது பாகத்துக்கு அப்பால், டவர் இல்லாத இடத்தில்.
அதனால் 'எனக்காக' என்று அழுத்திவிடுவேன்.

ஆறு நாற்பதுக்கு நேரம் கொடுத்தால்
ஆறு ஐம்பத்தைந்துக்கு ஒரு முகம் வரும்.
பின்னால் வெள்ளைச் சுவர், பாதி காலண்டர்.
எட்டு நிமிடம்.
இரண்டு நிமிடம் 'கேட்குதா'வுக்கே போய்விடும்.
நாக்கைக் காட்டச் சொன்னால்
டியூப்லைட்டுக்கு நேராக போனைப் பிடிப்பேன்.
மற்றதைக் காட்டச் சொன்னால்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நிற்பேன்,
மழையானாலும்.
ஒருநாள் படம் உறைந்து, வாய் திறந்தபடி நின்றுவிட்டார் டாக்டர்.
"பாவம், இவருக்கு யாரு பாப்பா?" என்றாள் அஞ்சலாட்சி.

டாக்டர் வராமலே போன நாளும் உண்டு.
ஐந்து முதல் ஏழு வேலை நாட்களில் பணம் திரும்பும் என்றது திரை.
வேலை நாள்னா எது, கேட்டாள்.
ஞாயிறு நீங்கலாக, என்றேன்.
"எனக்கு ஞாயித்துக்கிழமதாண்டி யாவாரமே."
கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.
பிறகு நானூற்றைம்பது வந்தது.
இருபத்தொன்பது வரவில்லை.

ஐப்பசியில் எனக்கே.
குளிக்கும்போது, இடது பக்கம்,
சோப்பு ஒருதரம் தயங்கிய இடம்.
மறுநாளும் தயங்கியது.
அன்று ஷட்டரை முழுதாக இறக்கினேன்.
நானூற்று எழுபத்தொன்பது.
பத்து ரூபாய் யாரிடம் வாங்குவது?

வந்தது ஒரு பெண் டாக்டர்.
என்னைப் பார்ப்பதற்கு முன் பட்டியலைப் பார்த்தார்.
கீழே தள்ளினார், இன்னும் தள்ளினார்.
"உங்களுக்கு புராஸ்டேட்னு இருக்கே."
அது தேசப்பன், என்றேன்.
இருவரும் சிரித்தோம், படம் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது.
"முப்பத்தேழு இருக்கு. இதுல நீங்க எது?"
எதுவும் இல்லம்மா. இதுதான் நான்.

சொன்னேன்.
இது போனில் பார்க்கிறதில்லை, என்றார்.
கையால் தொட்டுப் பார்க்கணும், நாளைக்கே போங்க.
இன்னும் நான்கு நிமிடம் மீதி இருந்தது.
அவர் துண்டிக்கவில்லை.
நானும்.

விடியுமுன் புதுச்சேரி பஸ்.
கோரிமேட்டில், ஜிப்மர் சீட்டு வரிசையில்
எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
இங்கே நோயாளி நேரில் வந்தாக வேண்டும்.
பெயர் கேட்டார்கள். வயது கேட்டார்கள்.
முதல்தடவையாக இரண்டும் சரியாக இருந்தது.

பையில் போன் அதிர்ந்தது.
'திலகவதி, உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடவும்.'

நேற்று ஏலத்துக்கு
கூடையோடு நடந்தேதான் போனாள் அஞ்சலாட்சி,
பாலத்தில் ஒருமுறை மட்டும் நின்றாள்.

நான்கு என்று அழுத்தினேன்.
வரிசை ஓர் ஆள் நகர்ந்தது.